வீடும் பொருளும்

மனிதன் வதியும் இடத்தைக் குறிக்கத் தமிழிலே சொற்கள் பல உள. இல், மனை, அகம், குடில், வீடு என அவை விரியும். இவற்றுட் பல கல்லையும் மரத்தையும் மாத்திரம் சுட்டி நிற்பன அல்ல. இல் என்பதிலிருந்து இல்லாளும் இல்லறமும் தோன்றின. மனையிலிருந்து மனைவி என்ற சொல் தோன்றிற்று. அகம் என்பது வீட்டுக்கும் பெயர், நெஞ்சுக்கும் பெயர். வீடு என்பதோ, கெடு என்பது கேடு என நின்றாற்போல, விடு என்னும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். பகலெல்லாம் உழைத்தவன் தன் சுமையை விடும் இடமும் வீடு. உயிர் தன் பந்தத்தை விடும் நிலையும் வீடு. அறம், பொருள், இன்பம், வீடு என உறுதிப்பொருள்களை நான்காக வகுத்த ஆன்றோர், வீட்டைப் பொருளோடு சேர்த்துவிடாமல் ஈற்றிலே தனியே வைத்தனர்.

இதனை அண்மையில் வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, இந்தக் காலத்திலே வீடு பொருளுக்குள் அடங்கிவிட்டதே” என்றார். வகுப்புச் சிரித்தது, யானும் சிரித்தேன். மாலையில் இல்லம் திரும்பும்போது வழியிலே மதிலுக்கு மதில் ஒட்டியிருந்த “காணி விற்பனைக்கு” என்னும் அறிவித்தல்களைக் கண்டபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மாணவர் சொன்னது வேடிக்கையன்று. நம் காலத்தின் பொருளியல் முழுவதையும் அவர் ஒரு வாக்கியத்தில் அடக்கிவிட்டார்.

உறுதியிலே எழுதிய உறவு

நம் முன்னோர் எழுதுவித்த பழைய காணி உறுதி ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். முதலிலே காணிக்கு ஒரு பெயர் இருக்கும். புலம் என்றோ, கலட்டி என்றோ, வளவு என்றோ அப்பெயர் முடியும். பின்னர்ப் பரப்புக் கணக்கு வரும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அதன்பின் நான்கு எல்லைகள். கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாருடைய பிள்ளைகளின் காணி என அவை மனிதரின் பெயர்களாலேயே குறிக்கப்படும். ஈற்றிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியமும் வரும். ஆக, உறுதி என்பது மண்ணை அளந்த பத்திரம் மாத்திரமன்று. யார் யாருக்கு அருகே வாழ்ந்தார், யார் யாரோடு நீரைப் பகிர்ந்தார் என்பதைச் சொல்லும் சாசனமும் ஆகும்.

இவ்வுறவு வெறும் வழக்கமாய் நிற்காமற் சட்டமாயும் நின்றது. ஒல்லாந்த ஆள்பதி கொர்ணேலிஸ் யோன் சைமன்ஸ் கட்டளையிட, யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி இந்நாட்டு வழக்குகளைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டில் முடித்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனை ஆராய்ந்து ஒப்புக்கொண்டனர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர். காணியை விற்க எண்ணியவன் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஈடாக வைத்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஒல்லாந்தர் காலத்தில் விற்பனை பற்றிய செய்தி அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலே தேவாலயத்தில் வாசிக்கப்பட்டது. இம்முன்னுரிமை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாலே திருத்தி அமைக்கப்பட்டது. பங்காளரும் வருங்கால உரித்தாளரும் அதன்வழி முதலில் வாங்கும் உரிமை உடையவராயினர். எவ்வளவு பணம் கொடுப்பான் என்பதற்கு முன்னே, வாங்குபவன் யார் என்று கேட்டது அந்தச் சட்டம்.

பழமை எல்லாம் பழுதற்றது என்று சொல்ல வந்தேனல்லேன். உறவுக்குள்ளேயே காணி சுழன்றமையால் உறவுக்குப் புறம்பானோர் தலைமுறை தலைமுறையாக வேலிக்கு வெளியே நின்றனர். பிறர் வளவிலே குடியிருந்து, பிறர் கிணற்றடியிலே காத்து நின்ற மக்களின் துயரத்தை மறைத்துவிட்டுப் பழமையைப் போற்றுவது நேர்மையாகாது. அன்று சாதி வேலி இட்டது. இன்று அவ்வேலையை விலை செய்கின்றது. வேலிக்கு உள்ளே இருப்போர் மாறியிருக்கலாம். வேலி இருந்தவாறே இருக்கின்றது.

ஓடி ஒளியும் இடம்

மண் இவ்வாறு முதலீட்டுப் பண்டமானது எவ்வாறு? பேராசை என்ற ஒரு சொல்லால் இதற்கு விடை கூறிவிட முடியாது.

2009 இல் போர் முடிந்தபின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே பாதை திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி மீண்டும் வந்தது. வங்கிகள் வந்தன; கடைகள் வந்தன. புலம்பெயர்ந்த உறவினர் பிறந்த ஊரிலே ஒரு துண்டு நிலமேனும் தமக்கு இருக்கவேண்டும் என்று விரும்பினர். பவுணிலும் டொலரிலும் உழைப்பவருக்கு இங்குள்ள விலை சிறிதாகத் தோன்றியது. ரூபாவில் உழைப்பவருக்கு அதே விலை மலையாகத் தோன்றியது.

இவற்றுக்கு மேலாகப் பணம் தேய்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. அவ்வாண்டு தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், ஆண்டின் நடுவிலே ஏறக்குறைய 360 ரூபாவாயிற்று. வாழ்நாள் முழுவதும் சேர்த்து வங்கியில் இட்ட பணம் கண்முன்னே கரையக் கண்டவர்கள் மண்ணை நாடி ஓடினார்கள். வெள்ளத்திலே மேட்டை நோக்கி ஓடுபவனைப் பேராசைக்காரன் என்று யார் சொல்வர்?

எனினும் மேட்டிலே நிற்பவனும் தன் உயரத்தைச் சரியாக அளக்க வேண்டும். 2021 இல் 40 இலட்சம் ரூபாவுக்குக் காணி வாங்கிய ஒருவர், 2022 நடுப்பகுதியில் அதனை 70 இலட்சத்துக்கு விற்றார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது இலட்சம் இலாபம் என்று அவர் மகிழ்வார். டொலரிலே கணக்கிட்டால், கொடுத்தது 20,000. பெற்றதோ 19,500 க்கும் குறைவு. காணி ஏறவில்லை, ரூபா இறங்கியது. இந்த வேறுபாட்டை அறியாதவர் நட்டத்தையும் இலாபம் என்று கொண்டாடுவர்.

அடுத்து வாங்குபவன்

காணி வீடுகளில் முதலிடுவோர் இரண்டு வகையிலே ஊதியம் எதிர்பார்க்கின்றனர். ஒன்று வாடகை, மற்றையது விலையேற்றம். இவ்விரண்டும் ஒருதாய்ப் பிள்ளைகள் அல்ல. இரண்டு கோடி ரூபா பெறுமதியான ஒரு வீட்டை மாதம் 50,000 ரூபாவுக்கு வாடகைக்கு விட்டால், ஆண்டுக்கு ஆறு இலட்சம் வரும். அது முதலில் நூற்றுக்கு மூன்று. கூரை திருத்தவும், சுண்ணம் பூசவும், வரி கட்டவும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். மூன்று வீதத்துக்காக எவரும் இரண்டு கோடியை முடக்கமாட்டார். ஆகவே அவர் வாங்குவது வீட்டை மாத்திரமன்று; தமக்குப்பின் இன்னும் கூடிய விலை கொடுத்து வாங்கப்போகும் ஒருவனையும் அவர் நம்பி வாங்குகின்றார். அந்த ஒருவன் வரும்வரைக்கும் கணக்குச் சரி. அவன் வாராத நாளிலே கணக்குப் பிழைக்கின்றது.

கடன்பட்டு வாங்குவோர் நிலை இன்னும் நுட்பமானது. கைக்காசு 20 இலட்சம், கடன் 80 இலட்சம், ஆக ஒரு கோடிக்கு ஒருவர் காணி வாங்குகின்றார். விலை நூற்றுக்கு இருபது ஏறினால், கடன் போக 40 இலட்சம் மிஞ்சும்; கைக்காசு இரட்டித்துவிட்டது. இந்த வித்தையைக் கண்டுதான் பலர் மயங்குகின்றனர். அதே விலை நூற்றுக்கு இருபது இறங்கினாலோ, காணியை விற்றுக் கடனை அடைத்தபின் கையிலே ஒரு சதமும் இராது. வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் ஆண்டுக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா வட்டிக்கே போகும். காணி ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்து வீதம் ஏறினால்தான் அவர் நின்ற இடத்திலேயே நிற்கலாம். ஏற்றத்திலே பெருக்கித் தந்த கடன், இறக்கத்திலும் பெருக்கியே பறிக்கும்.

காணி விலை ஒருநாளும் இறங்காது என்பது நம்மவர் பலரின் உறுதியான நம்பிக்கை. யப்பானியரும் அவ்வாறே நம்பினர். 1985 முதல் 1990 வரை அந்நாட்டின் ஆறு பெருநகரங்களிலே நில விலை ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. தோக்கியோவில் உள்ள அரண்மனை வளவை விற்றால் கலிபோர்ணியா மாநிலத்தையே வாங்கலாம் என்று அக்காலத்தில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டனர். பின்னர் விலை இறங்கத் தொடங்கிற்று. பெருநகரங்களிலே அவ்விறக்கம் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் நீடித்தது. ஐக்கிய அமெரிக்காவிலே வீட்டு விலை 2006 இல் உச்சத்தை அடைந்து சரிந்தது. கட்ட முடியாதவர்க்கும் கடன் கொடுத்த நிறுவனங்கள் தள்ளாடின. 2008 செப்டெம்பர் 15 ஆம் நாள் லீமன் பிரதர்ஸ் என்னும் பெரும் முதலீட்டு வங்கி முறிந்தது. கடனை அடைக்க முடியாத குடும்பங்கள் இலட்சக்கணக்கில் வீடிழந்தன. நிலம் கூடாது, கடவுள் புதிதாக நிலம் படைப்பதில்லை என்ற வாதம் யப்பானிலும் மெய்தான். ஆனால் நிலத்தைக் கூடிய விலைக்கு வாங்கவல்லவர் தொகையும் எல்லையற்றதன்று என்பதை அந்த வாதம் மறந்துவிட்டது.

யாருடைய உழைப்பு?

இதுவரை சொன்னது முதலிடுவோர் அறியவேண்டிய கணக்கு. இனிச் சொல்வது நாம் எல்லோரும் சிந்திக்கவேண்டிய கணக்கு.

திருநெல்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி நின்ற இடத்திலே 1974 ஆம் ஆண்டில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிற்று. மாணவர் வந்தனர், ஆசிரியர் வந்தனர், அறைகள் வாடகைக்குப் போயின, கடைத்தெரு வளர்ந்தது, சுற்றுவட்டாரக் காணிகளின் விலை உயர்ந்தது. அப்பல்கலைக்கழகத்தை எழுப்பியது நாட்டு மக்களின் வரிப்பணம். அதற்குப் பெயர் தேடித்தந்தது அங்கே கற்பித்தோரும் கற்றோரும். விலையேற்றமோ, அயலிலே காணி வைத்திருந்தவரைப் போய்ச் சேர்ந்தது. அவர் அக்காணியிலே மாடி கட்டி வாழ்ந்தாலும் சேர்ந்தது. பற்றை வளரவிட்டு வெளிநாட்டிலே உறங்கினாலும் சேர்ந்தது.

இவ்வுண்மை ஹென்றி ஜோர்ஜ் என்னும் அமெரிக்கருக்கு ஒரு மாலைப்பொழுதிலே விளங்கிற்று. அச்சுக்கோப்பவராக உழைத்துப் பத்திரிகையாளராக உயர்ந்தவர் அவர். 1870 ஆம் ஆண்டளவிலே கலிபோர்ணியாவின் ஓக்லண்ட் நகரை அடுத்த குன்றுகளிலே குதிரைமீது சென்றுகொண்டிருந்தார். கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதை முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. எதிரே வந்த வண்டிக்காரன் ஒருவனிடம், பேச்சுக்குப் பேச்சாக, இங்கே நிலம் என்ன விலை என்று கேட்டார். தூரத்திலே எலிகளைப் போலத் தோன்றிய மாடுகளைக் காட்டி, அவ்விடத்தில் ஒருவர் ஏக்கர் ஆயிரம் டொலருக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார் என்றான் அவன். வெறும் புல்தரை! அங்கே எவரும் எதுவும் செய்திருக்கவில்லை. மக்கள் வரப்போகின்றனர் என்ற எதிர்பார்ப்பு ஒன்றே விலையாகி நின்றது. வரப்போகின்றவர்கள் தம் உழைப்பிலிருந்து அந்த விலையைக் கொடுத்தே தீரவேண்டும். நாடு முன்னேற முன்னேற வறுமையும் ஏன் உடன்வளர்கின்றது என்ற தம் வினாவுக்கு அங்கே விடை கண்டார் ஜோர்ஜ். 1879 இல் அவர் எழுதிய ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்னும் நூல் உலகெங்கும் பரவிற்று. உழைப்பின்மேல் வரி போடாதீர்கள், சமுதாயம் உண்டாக்கிய நில மதிப்பின்மேல் வரி போடுங்கள் என்பது அவர் கண்ட மருந்து. தோல்ஸ்தோய் அம்மருந்தைப் பெரிதும் மதித்தார். ‘புத்துயிர்ப்பு’ நாவலிலே கதைத்தலைவன் நெஹ்லூதவ் குடியானவர்க்கு அக்கொள்கையை எடுத்து விளக்குகின்றான்.

அம்மருந்து முழுவதும் நம் நாட்டுக்குப் பொருந்துமா என்பது அறிஞர் ஆராயவேண்டியது. நோயைப் பற்றி ஐயம் இல்லை. வீடு கட்டி வாடகைக்கு விடுபவர் ஒரு குடும்பத்துக்குக் கூரை தருகின்றார். அவர் பெறும் வாடகைக்கு ஈடாக உலகிலே ஒரு பொருள் இருக்கின்றது. வெறுங்காணியைப் பூட்டிவைத்து விலை பார்த்திருப்பவர் எதனையும் ஆக்கவில்லை. அவர் பெறும் இலாபம் பின்னே வருபவரின் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுவது. பின்னே வருபவர் யார்? பிறர் அல்லர், நம் பிள்ளைகளும் நம் மாணவர்களுமே.

என் காணி

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போர்நிறுத்தம் நிலவிய 2003 ஆம் ஆண்டிலே ஊரிலே ஆறு பரப்புக் காணி ஒன்றை வாங்கினேன். பரப்பு ஒன்றுக்கு அக்காலத்து என் ஏழு மாதச் சம்பளம். மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்கலாம் என்பது எண்ணம். மகள் மணம் முடித்து வெளிநாடு சென்றுவிட்டாள். காணி பற்றை மூடிக் கிடந்தது. சென்ற ஆண்டு தரகர் ஒருவர் வந்து ஒரு விலை சொன்னார். யான் மறுத்தேன். இன்னும் ஏறும் என்றார். அப்படியே இருக்கட்டும் என்றேன். அன்றிரவு மனம் மகிழ்ந்து உறங்கினேன் என்பதை மறைப்பானேன்?

சில மாதங்களின் பின், என்னிடம் கற்று இன்று ஆசிரியராக இருக்கும் ஒருவர் வந்தார். மனைவியும் ஆசிரியை, சிறு குழந்தை ஒன்று, வாடகை வீடு.

“இரும் தம்பி. காணி பார்த்துத் திரிகிறீர் என்று கேள்விப்பட்டேன். என்ன ஆயிற்று?” என்றேன்.

“ஒழுங்கைக் கரையிலே நாலு பரப்பு ஒன்று பார்த்தோம் ஐயா. பரப்புக்கு எங்கள் மூன்று வருடச் சம்பளம் கேட்கிறார்கள். கொஞ்சம் குறைக்க முடியாதா என்று கேட்டேன். பக்கத்திலே பண்டிதர் ஐயாவின் காணிக்கு இதைவிடக் கூடக் கேட்டும் அவர் கொடுக்கவில்லையே, நாங்கள் ஏன் குறைப்பான் என்கிறார்கள்.”

என்னைக் குறைசொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. நடந்ததைச் சொன்னார், தேநீர் அருந்தினார், சென்றுவிட்டார். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவர் கேட்ட விலையை ஏற்றிவைத்தவன் யான்! அதற்காக யான் ஒரு மண்வெட்டியைத்தானும் தூக்கவில்லை. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னேன், அவ்வளவே. வகுப்பிலே அறமும் பொருளும் வீடும் கற்பித்த ஆசிரியனின் பற்றைக்காணி, அவன் மாணவனின் வீட்டுக்குத் தடையாகி நின்றது.

பலநாள் எண்ணியபின் அவரை அழைத்தேன். “தம்பி, என் காணியிலே மூன்று பரப்பை எடுத்துக்கொள்ளும். யான் வாங்கியபோது என்னுடைய எத்தனை மாதச் சம்பளமோ, உம்முடைய அத்தனை மாதச் சம்பளம் தாரும்” என்றேன். மகளுக்கும் எழுதினேன், வருங்கால உரித்தாளர் அவளன்றோ? “அப்பா, நான் இங்கே வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாரம் எனக்குத் தெரியும். கொடுங்கள்” என்று மறுமொழி வந்தது.

இதனைப் பெருமைக்காக எழுதவில்லை. மற்ற மூன்று பரப்பு இன்னும் என்னிடமே இருக்கின்றது. முதுமைக்கு அஞ்சி வைத்திருக்கின்றேன். ஒருவர் மூன்று பரப்பைக் கொடுப்பதனால் சந்தை இறங்கிவிடாது என்பதும் தெரியும். அதற்கு அரசின் வரித்திட்டமும், ஊராட்சியின் வீட்டுத்திட்டமும், பணத்தின் மதிப்பைக் காக்கும் நல்ல ஆட்சியும் வேண்டும். ஆயினும் காணி வைத்திருக்கும் ஒவ்வொருவரும், விலை கேட்டு மகிழும் இரவிலே, அந்த விலையைக் கொடுக்கப்போகின்றவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவித்தலின் உட்கருத்தும் அதுவே என்று எனக்குத் தோன்றுகின்றது. விற்பதற்கு முன்னே, நமக்கு வேண்டியவர்களின் முகத்தைப் பார்க்கச் சட்டம் நமக்கு அவகாசம் தந்தது.

உறுதி எழுதியாயிற்று. கிணறு எனது பாதியிலே இருப்பதனால், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியமும் தவறாமல் எழுதுவித்தேன். அவர் காணியின் மேற்கு எல்லையிலே இப்போது என் பெயர் இருக்கின்றது. மாரிக்கு முன்னே கதியால் நட்டு வேலி அடைக்கவேண்டும் என்று சொல்லிச் சென்றிருக்கின்றார்.